அக்கி இறங்கிய பிறகு

மலேசியாவில் ரப்பர் தோட்டத்தை விட்டு ஈப்போ நகருக்குக் குடிவந்த பிறகு, எழுபதுகளின் கடைசியில் எனக்கு அக்கி வந்தது. இடது முதுகில் தொடங்கி மார்புக்குக் கீழே வரை கொப்புளம். தோட்டத்திலிருந்து ஒருவர் வந்து காவி கரைத்து அக்கி எழுதினார். கொப்புளங்கள் காய்ந்து உதிர்ந்தன. எரிச்சல் மட்டும் போகவில்லை.

தோலைப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. ரவிக்கைத் துணி பட்டால் கொள்ளிக்கட்டை வைத்த மாதிரி இருக்கும். காற்றாடிக் காற்றுகூட ஆகாது. ரவிக்கை போடாமல், நைந்த சேலையை வலது பக்கமாகச் சுற்றிக்கொண்டு, ஜன்னல் திரையை இழுத்துவிட்டு அறைக்குள்ளேயே கிடந்தேன். அந்தக் கோலத்தில் வாசலுக்கு எப்படி வருவது? சலவைக்கடை வேலையும் போயிற்று. சின்ன மகள் கட்டிக்கொள்ள ஓடிவந்தால் கையை நீட்டித் தடுப்பேன். பிறகு அவள் கதவருகே நின்றே பேசப் பழகிக்கொண்டாள்.

கிளினிக் மாத்திரையில் தூக்கம்தான் வந்தது. என் நாத்தனார் பார்க்க வந்தபோது, "புண்ணே இல்ல, வலிக்குதுங்குறா. தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்பணும் போல லா" என்று கூடத்தில் என் வீட்டுக்காரரிடம் சொன்னது எனக்குக் கேட்டது. அவர் மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பக்கத்து வீட்டுச் சீன அக்கா மட்டும் நம்பினாள். "நாங்க இதைப் பாம்புன்னு சொல்வோம். பாம்பு போயிடுச்சு, விஷம் உள்ள நிக்குது. சின்சேகிட்ட போலாம்" என்று மலாயில் சொன்னாள்.

அந்தச் சீன வைத்தியர் இரண்டு கையிலும் நாடி பிடித்தார், நாக்கை நீட்டச் சொன்னார். "சூடு உள்ளேயே தங்கிடுச்சு. ரத்தம் ஓடாம நிக்கிற இடம் வலிக்கும்."

"முழுசா போயிடுமா?"

"அப்படிச் சொல்ல மாட்டேன். குறையும்."

பலகைத் தடுப்புக்குப் பின்னால் ஒருக்களித்துப் படுக்கவைத்து, எரியும் இடத்தைச் சுற்றி ஊசிகளைச் செருகினார். அசையக் கூடாது என்றார். வீட்டிலும் அடைப்பு, இங்கேயும் அடைப்பா என்று நினைத்தேன். இருமல் வந்துவிடுமோ என்று பயமாக இருந்தது. அப்படியே கிடக்கையில், ரேடியோவின் சத்தத்தைக் குறைத்த மாதிரி எரிச்சல் தணிந்தது. திரும்பும் பஸ்ஸில் மறுபடி ஏறிக்கொண்டது. சீன அக்காவின் தோளில் சாய்ந்து அழுதேன்.

ஆனாலும் விடாமல் போனேன். வேரும் பட்டையும் போட்டுக் காய்ச்சும் கறுப்புக் கஷாயத்தை என் வீட்டுக்காரரே சட்டியில் வைத்து இறக்கித் தந்தார்.

"என்னைப் பைத்தியம்னு சொன்னப்ப ஏன் பேசாம இருந்தீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"எனக்கு என்ன செய்றதுன்னு தெரியல" என்றார்.

மாதங்கள் போகப் போக எரியும் இடம் சுருங்கி உள்ளங்கை அளவில் நின்றது. ஊசியாலா, கஷாயத்தாலா, நாளாக ஆக அதுவாகவே அடங்கியதா என்று எனக்குத் தெரியாது. தொளதொளவென்று தைத்த ரவிக்கை போட்டுக்கொண்டு வெளியே வந்தேன், வேறொரு கடையில் வேலையும் கிடைத்தது. எரிச்சல் அதற்கு மேல் குறையவில்லை. எண்பதுகளில் ஆயர் தாவார் ஊருக்குக் கூட்டமான பஸ்ஸில் போகும்போதெல்லாம், யாராவது இடித்துவிடுவார்களோ என்று இடது கையை வேலி மாதிரி மடித்து வைத்துக்கொண்டு, இறங்கும் இடம் வரும்வரை நின்றபடியே போவேன்.