எடுத்ததும் போட்டதும்

கணினியைத் திறந்தவுடன் முதலில் கண்விழித்து, மற்ற நிரல்களை ஒவ்வொன்றாக எழுப்பிவிடும் நிரல் ஒன்று உண்டு. ஊரெல்லாம் பயன்படுத்துகிற பெரிய துவக்க நிரல் கடிகாரம், நெட்வொர்க், லாகின் என்று அகப்பட்டதையெல்லாம் விழுங்கிக்கொண்டிருந்த காலம் அது. அந்த எரிச்சலில் நானும் நண்பனும் மலையாள நாட்டு ஸ்ரீவராகத்தில் என் வீட்டு மாடியில் உட்கார்ந்து சின்னதாக ஒன்றை எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று இணையத்தில் திறந்து வைத்தோம். அது எழுப்பும், வேறு எதுவும் செய்யாது. அந்தப் பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அதைக் காக்க ஒரு சட்டம் போட்டேன். எத்தனை வரி புதிதாகப் போடுகிறாயோ, அத்தனை வரி பழையதில் எடுத்துவிட வேண்டும்.

நண்பன் நாகர்கோவில்காரன். நாற்பது வயதுக்குள் அவன் பார்வை ஓரத்திலிருந்து சுருங்கி, வெளிச்சமும் இருட்டும் மட்டும் தெரிகிற நிலைக்கு வந்துவிட்டது. திரையை வாசித்துக் காட்டும் மென்பொருளை வைத்து வீட்டிலிருந்தே வேலை பார்த்தான். ஆனால் அது கடைசியில்தான் எழும். அதற்கு முன்னால் ஏதாவது மக்கர் செய்தால் கணினி வாயே திறக்காது. அவன் மனைவி பள்ளிக்கூட டீச்சர். அவள் சாயங்காலம் வந்து திரையைப் படித்துச் சொல்லும்வரை அவன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். இரண்டு முறை அப்படி ஆகி, ஆபீசிலிருந்து எச்சரிக்கையும் வந்துவிட்டது.

அவன் கேட்டது இவ்வளவுதான். எது எழவில்லையோ அதை நம் நிரலே ஸ்பீக்கரில் ஒரு வரியாகச் சொல்லிவிட வேண்டும். அதற்கு இருநூறு வரி எழுதினான். சட்டப்படி இருநூறு எடுக்க வேண்டுமே! அடுத்தவர் எழுதியதில் கைவைக்கக் கூச்சப்பட்டு, ஆரம்பத்தில் தானே எழுதிய பகுதி முழுவதையும் வெட்டினான். எடுத்ததை ஒன்றாகவும் போட்டதை ஒன்றாகவும் இரண்டு திருத்தங்களாக என் ஒப்புதலுக்கு அனுப்பினான்.

முதலாவதை ஏற்றுக்கொண்டேன். இரண்டாவதைத் தள்ளிவிட்டேன். அந்த ஒரே நாளில் அவன் எழுதியது ஒரு வரிகூட நிரலில் மிச்சமில்லாமல் போயிற்று.

அதோடு விட்டேனா? எல்லோரும் படிக்கிற மடற்குழுவில், "துவக்க நிரலுக்கு வாய் எதற்கு? கதாகாலட்சேபம் கேட்க ஆசையென்றால் கோயிலுக்குப் போகலாம்" என்று எழுதினேன். முகம் தெரியாத பத்துப் பேர் சபாஷ் போட்டார்கள். அவனுடைய கணினி அதைக் குரலெடுத்து அவனுக்கே வாசித்துக் காட்டும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதினேன்.

புதுப் பதிப்பு வெளியாகும் நாளில் பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஆளுக்கொரு தேங்காய் உடைப்பது எங்கள் வழக்கம். அந்த முறையும் வந்தான், மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு. அவள் வழிபாட்டுச் சீட்டு வாங்கப் போனதும் என்னிடம் கேட்டான்.

"எடுத்தத எடுத்துக்கிட்ட, சரி. போட்டத ஏண்டே தள்ளுன?"

"அது அந்த ப்ரோக்ராமோட வேலை இல்லடே. இன்னைக்குப் பேசணும்ப, நாளைக்குப் பாடணும்ப."

"ஒரு வரிடே. எது எந்திக்கல்லன்னு தெரிஞ்சா மிச்சத்த நான் பாத்துக்கிடுவேன். வேலை போயிரும், கேட்டியா."

"ஒனக்கு ஒருத்தனுக்காக மாத்த முடியாது."

அவன் தேங்காயை ஓங்கி எறிந்தான். சுற்றிலும் தேங்காய்கள் படபடவென்று சிதறிக்கொண்டிருந்தன. அவனுடையது ஓரத்தில் பட்டு, உடையாமல் உருண்டு, எனக்கு எட்டுகிற தூரத்தில் வந்து நின்றது.

"உடைஞ்சுதாடே?" என்று கேட்டான்.

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. "சத்தம் கேக்கலியா ஒனக்கு?" என்றேன்.

 அவன் என்னை விட்டு முகத்தைத் திருப்பி, மறுபக்கம் நின்ற யாரோ ஒருவரிடம் மலையாளத்தில் அதையே கேட்டான்.

"சேட்டா, எண்டெ தேங்ஙா பொட்டியோ?"

"இல்லல்லோ. தாண்டெ, அவிடெ கெடக்குன்னு," என்றார் அந்த ஆள். என் பக்கம் வந்து குனிந்து அதை எடுத்து அவன் கையில் வைத்தார்.

இரண்டாவது தடவை எறிந்தபோது நன்றாகச் சிதறியது. அதையும் அவன் அவரிடமே கேட்டுத் தெரிந்துகொண்டான்.