கதவில் ஒட்டிய ரேங்க் பட்டியல்

அவனியாபுரத்தில் வளர்ந்தவளுக்கு ரேங்க் பட்டியல் ஒரு விஷயமே இல்லை. எங்கள் டியூஷன் சென்டர் வாசலில் வாரம் ஒன்று ஒட்டுவார்கள். கடைசி ஐந்து பேருக்குச் சிவப்பு மை. பொதுத்தேர்வு முடிந்ததும் முதல் மூன்று முகங்கள் ஃப்ளெக்ஸில் தொங்கும். ஒரு வருடம் நானும் தொங்கினேன். கூச்சமாக இருந்தது என்று சொன்னால் அது பொய்.

இன்ஜினியரிங் முடித்து மூன்று வருடம் சாஃப்ட்வேர் டெஸ்டிங் பார்த்தேன். பிறகு ஒரு தன்னார்வ அமைப்பு மூலம், பசிபிக் கடலில் ஒரு சின்னத் தீவுக்கு ஓராண்டு கணக்கு டீச்சராகப் போனேன். அப்பாவுக்குச் சம்மதமில்லை. அம்மா பருப்புப்பொடி இடித்துக் கட்டினாள். அண்ணன்தான் ஏர்போர்ட் வாசல்வரை கேட்பதை விடவில்லை.

"இங்க வாடிப்பட்டிப் பக்கம் பிள்ளைகளுக்கெல்லாம் கணக்கு வந்துருச்சாக்கும். அம்புட்டுத் தூரம் போயி என்னத்தக் கிழிக்கப் போற?"

என் நோட்டில் பன்னிரண்டு மாதத்துக்கும் திட்டம் எழுதி வைத்திருந்தேன்.

தீவில் ஒரே பள்ளிக்கூடம், அதுவும் எட்டாம் வகுப்புவரை. மேலே படிக்க வேண்டுமென்றால் பெரிய தீவின் விடுதிப் பள்ளிக்குப் போக வேண்டும். நுழைவுத்தேர்வு வைத்து, தேறினால் எங்கள் தீவிலிருந்து வருடத்துக்கு ஒருவரை எடுப்பார்கள். ஒருமுறைதான் எழுதலாம். என் வகுப்பில் பதின்மூன்று வயதுப் பெண் ஒருத்தி அந்த இடத்துக்கு ஆசைப்பட்டாள். நர்ஸாக வேண்டுமாம். நான் பின்னத்தை ஆரம்பித்தால் அவள் விகிதத்தில் போய் நிற்பாள். அவளுக்குக் கிடைத்துவிடும் என்று எனக்குச் சந்தேகமே இல்லை.

மூன்றாம் மாதம் மாதிரித் தேர்வு வைத்தேன். திருத்தி, பதினான்கு பேரையும் வரிசைப்படுத்தி, தாளை வகுப்புக் கதவில் ஒட்டினேன். முதலிடம் அவளுக்கு. கடைசி இடம் அவள் பெரியம்மா மகளுக்கு, ஒரே வீட்டில் வளரும் மூத்தவளுக்கு.

அங்கே சாப்பாட்டில், நடையில், பேச்சில் மூத்தவர்தான் முதலில். இதை நான் தினமும் பார்த்திருந்தேன். நோட்டில் 'உள்ளூர் வழக்கங்கள்' என்ற தலைப்பின்கீழ் குறித்தும் வைத்திருந்தேன்.

மறுநாள் மூத்தவள் வரவில்லை. தலைமையாசிரியை என்னை அழைத்துப்போய்க் கதவைக் காட்டினார். மூத்தவள் தலைமேல் இளையவளை உட்கார வைத்திருக்கிறாய் என்றார். உடனே கிழித்துவிட்டேன். ஊரே பார்த்தாயிற்று, இனி கிழித்து என்ன என்று கேட்டார். அவர் கோபப்படாமல் கேட்டதுதான் தாங்க முடியவில்லை.

பரிகாரங்களைப் பட்டியல் போட்டேன். வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்பது. மூத்தவளுக்குத் தனியாகச் சொல்லிக்கொடுப்பது. இனி மதிப்பெண்ணை வெளியில் சொல்லாமல் இருப்பது. மூன்றையும் செய்தேன். மூத்தவள் வகுப்புக்குத் திரும்பி வந்தாள். ஆனால் அடுத்த மாதிரித் தேர்வில் இளையவள் விடைத்தாள் வேறு மாதிரி இருந்தது. ஒவ்வொரு கணக்கிலும் வழிமுறை சரி. கடைசி வரியில் விடை மட்டும் தப்பு. டெஸ்டிங் பார்த்தவளுக்கு, தற்செயலாக வரும் தப்பு எது, வேண்டுமென்றே போட்ட தப்பு எது என்று தெரியும்.

தனியாகக் கூப்பிட்டு, நுழைவுத்தேர்வில் இப்படிச் செய்துவிடாதே, அந்தத் தாளை இங்கே யாரும் பார்க்க மாட்டார்கள் என்று கெஞ்சினேன்.

"முடிவு இங்கதான் வரும் டீச்சர்," என்றாள். "அப்ப நீங்க கப்பல் ஏறியிருப்பீங்க. நான் அக்காகூட உக்காந்து சாப்பிடணும்."

அவள் தேர்வை எழுதினாள். அந்த வருடம் எங்கள் தீவிலிருந்து யாரையும் எடுக்கவில்லை என்று ஊர் திரும்பிய பிறகு தெரிந்தது.

கிளம்பும் முன் அமைப்புக்கு அறிக்கை அனுப்ப வேண்டியிருந்தது. கடைசி இரண்டு தேர்வுகளில் வகுப்பு முழுக்க ஏறக்குறைய ஒரே மதிப்பெண். மற்றவர்களும் அவளைப் பார்த்து, கடைசி வரியில் தப்பு விடக் கற்றுக்கொண்டிருந்தார்கள். என்ன நடந்தது என்று ஒரு பக்கம் எழுதி, எண்களையும் இணைத்து அனுப்பினேன். அந்தப் பக்கத்தை யாரும் படித்த மாதிரித் தெரியவில்லை. மாணவர்களிடையே இருந்த இடைவெளியை ஒரே ஆண்டில் குறைத்ததற்காகப் பாராட்டுச் சான்றிதழ் வந்தது.

அப்பா அதைச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டியிருக்கிறார். வருகிறவர்களிடம், வெளிநாட்டுப் பிள்ளைகளையே சரிசமமாக்கிவிட்டு வந்தவள் என்கிறார். இரண்டு முறை கழற்றச் சொன்னேன். அடக்கமாம்.