தறிக்கூடத்திலிருந்து வந்த பூனை

பாண்டியக்கா யாரையும் முதுகுக்குப் பின்னாலிருந்து கூப்பிட மாட்டாள். குழாயடியில் நான் குனிந்து குடம் கழுவிக்கொண்டிருந்தால், வரிசையைச் சுற்றிக்கொண்டு வந்து எனக்கு எதிரில் நிற்பாள். நான் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் வாயைத் திறப்பாள். கடைக்குப் போனாலும் அப்படித்தான், கோயிலில் நின்றாலும் அப்படித்தான். ஒரு வருடம் வீரபாண்டித் திருவிழாவில் அவள் தம்பி எங்களை விட்டுவிட்டு வேகமாக முன்னால் போய்விட்டான். வேறு யாராக இருந்தாலும் பெயரைச் சொல்லிக் கத்தியிருப்பார்கள். அக்கா கூட்டத்தை இடித்துக்கொண்டு ஓடி, அவனைத் தாண்டிப் போய், வழியை மறித்து நின்றாள்.

நான் பல வருடம் இதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஒருநாள் கேட்டேன்.

“தறியில பழகுனது” என்றாள்.

விசைத்தறி ஓடிக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து தோளைத் தொட்டால் ஆள் திடுக்கிட்டுப் போவார். ஊடை நூலை இழுத்துக்கொண்டு நாடா பாய்கிற இடத்துக்குள் கை போய்விடும். அதனால் கூடத்தில் யாரிடம் என்ன சொல்வதென்றாலும் முன்னால் போய் முகத்தைக் காட்ட வேண்டும். பேச்சும் அங்கே கை ஜாடையும் வாயசைவும்தான், தறிச் சத்தத்தில் வேறெதுவும் எடுபடாது. அவள் சொன்னது உண்மை. ஆனால் அது பாதி உண்மை என்று தெரிய எனக்கு அந்தப் பூனை வர வேண்டியிருந்தது.

ஆண்டிபட்டியில் எங்கள் வீடும் அவர்கள் வீடும் எதிரெதிரே. நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். வாசலில் ராட்டையைப் போட்டு, அக்கா வேலை செய்யும் கூடத்துக்குக் குச்சிகளில் நூல் சுற்றிக் கொடுக்கிறேன். கை வேலை பார்க்கும். கண்ணுக்கு எதிர் வீட்டைத் தவிர வேறு வேலை கிடையாது.

பாண்டியக்காவைக் கடமலைக்குண்டில் கட்டிக் கொடுத்தார்கள். ஒரு வருடத்துக்குள் ஒரு பையோடு திரும்பி வந்தாள். ஏன் என்று அவளும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அன்று முதல் தம்பி கர்ணன் வீட்டில்தான் இருக்கிறாள். கர்ணன் செங்கல் லாரி ஓட்டுகிறவன். அவன் மனைவி மாரீஸ்வரி பகலில் நூல் மில்லுக்குப் போவாள். அக்காவுக்கு இரவு ஷிப்ட். அதனால் பகலெல்லாம் அவர்களுடைய பெண் குழந்தை அக்காவின் இடுப்பில்தான் இருந்தது. பெயர் ஒன்று வைத்திருந்தார்கள், ஆனாலும் எல்லோருக்கும் அது பாப்பாதான். மத்தியானம் தூங்கும்போது அக்கா தன் முந்தானை நுனியைப் பாப்பாவின் அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டு படுப்பாள். “இவ என்ன கன்னுக்குட்டியா, கட்டிப் போட்டிருக்கீக?” என்று மாரீஸ்வரி கேலி செய்வாள். அக்கா சிரித்துக்கொண்டு அந்த முடிச்சை இன்னும் இறுக்குவாள்.

2004இல் தறிக்கூடத்து முதலாளி ஊருக்கு வெளியே புதுக் கட்டடம் கட்டித் தறிகளை அங்கே மாற்றினார். பழைய கூடத்தைப் பூட்டினார்கள். அங்கேயே வளர்ந்த ஒரு பூனை உள்ளே நின்றுவிட்டது. நல்ல வெள்ளை, வளர்ந்த பூனை. வயது என்னவென்று யாருக்கும் தெரியாது. அக்கா அதை நூல் சாக்கில் போட்டு மினி பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தாள். அந்த வீட்டில் தனக்கென்று அவள் கொண்டுவந்த ஒரே உயிர் அதுதான்.

கூடத்தில் அது யாரையும் கடித்ததில்லையாம். வீட்டுக்கு வந்த பிறகு அதன் போக்கு யாருக்கும் பிடிபடவில்லை. மாரீஸ்வரி மடியில் ஏறி, கண்ணை மூடிக் கிடக்கும். சற்று நேரம் கழித்து அவளே ஆசையாக முதுகைத் தடவினால் சீறிக்கொண்டு எழுந்து மணிக்கட்டைக் கவ்வும். பால் வைத்துவிட்டு எவ்வளவு கூப்பிட்டாலும் வராது. கூப்பிடாமல் தட்டைத் தரையில் ‘டங்’கென்று வைத்தால் எங்கிருந்தாலும் ஓடிவரும். யாரும் இல்லாத அடுப்படியில் நின்றுகொண்டு, குழந்தையை அடித்தது போல ஓங்கிக் கத்தும்.

“மதினி, இது பூனையா இல்ல கோடாங்கியா? நெனச்சா சாமி வந்துருதே” என்றாள் மாரீஸ்வரி.

கர்ணன் சாப்பிட்டுக்கொண்டே, “கூப்பிட்டா திரும்பாது, தொட்டா மொறைக்கும். இந்த வீட்ல ஏற்கெனவே ஒரு ஆளு அப்படித்தான் இருக்கு” என்றான்.

எல்லோரும் சிரித்தார்கள். அவர்கள் சிரிப்பதைப் பார்த்துவிட்டு அக்காவும் சிரித்தாள்.

தெருவில் அவளுக்குத் திமிர்க்காரி என்று பெயர் உண்டு. கூப்பிட்டால் திரும்பமாட்டாள் என்பதுதான் காரணம். வாழாமல் வந்தவளுக்கு இவ்வளவு ராங்கியா என்று குழாயடியில் பேசுவார்கள். அவள் பக்கத்தில் நிற்கும்போதே பேசுவார்கள்.

மாரீஸ்வரி வீரபாண்டிக்குப் போய்த் தீர்த்தம் வாங்கிவந்து, தூங்கிக்கொண்டிருந்த பூனையின் மேல் தெளித்தாள். அது ஒரே தாவலில் அவள் தோளில் கால் வைத்து ஓட்டுக்கு மேல் ஏறிவிட்டது. சாயங்காலம் வரை இறங்கவில்லை. “ஆத்தா தண்ணிக்கே அடங்கலையே” என்று தோளில் மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டு அவள் என்னிடம் வந்து புலம்பினாள். பிறகு அக்காவிடம் போய், “பேராச்சும் வைங்க மதினி, பேரு சொல்லிக் கூப்பிட்டா பழகும்ல” என்றாள்.

“அதுக்குப் பேரு எதுக்கு?” என்றாள் அக்கா.

மாரீஸ்வரிக்கு வாரவிடுமுறை நாளில்தான் அது நடந்தது. பெற்றவளே வீட்டில் இருக்கிறாளே என்று அக்கா அன்றைக்கு முந்தானையை முடியாமல் தூங்கிவிட்டாள். பாப்பா தத்தித் தத்திப் போய், தூங்கிக்கொண்டிருந்த பூனையின் மேல் முகத்தை வைத்து அழுத்தியிருக்கிறது. அது எழுந்து போட்ட கீறல் கண்ணுக்குக் கீழே ஒரு நெல் அளவு தள்ளிப் போயிற்று. ரத்தத்தைப் பார்த்து மாரீஸ்வரி போட்ட சத்தத்தில் தெருவே கூடியது. க.விலக்கு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஊசி போட்டார்கள்.

திரும்பி வந்ததும் கர்ணன் சொன்னான்: “ஞாயித்துக்கெழம லோடு இல்ல. சாக்குல கட்டி டேமுக்கு அங்கிட்டு விட்டுட்டு வந்துர்றேன். இது இனிமே இங்கன வேண்டாம்.”

அக்கா பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு அவன் வாயையே பார்த்தபடி நின்றாள்.

அந்த வாரம் அடுத்த தெருவில் ஒரு பெரியவர் இறந்துபோனார். எடுக்கும்போது தெருமுனை வழியாக மேளமும் வேட்டுமாகக் கொண்டுபோனார்கள். எங்கள் தெரு நாய்கள் எல்லாம் வண்டிகளுக்கு அடியில் போய்ப் பதுங்கின. பூனை என் வாசற்கல்லில் வெயிலுக்குப் படுத்திருந்தது. ஒரு வேட்டுக்கும் அதன் காது மடல்கூட அசையவில்லை. ஊர்வலம் போன பிறகு நான் நூல் பெட்டியை எடுத்து அதே கல்லில் மெதுவாகத்தான் வைத்தேன். அது துள்ளி எழுந்து என்னைப் பார்த்தது.

அது மறுபடி படுத்துக் கண்ணை மூடும்வரை காத்திருந்தேன். பிறகு ஒரு தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, அதன் முதுகுப் பக்கம் நின்று கரண்டியால் அடித்தேன். அது தூங்கிக்கொண்டே இருந்தது. பொல்லாத பூனை இல்லை அது. அதற்கு எதுவும் கேட்கவில்லை, கல்லிலும் தரையிலும் ஓடுகிற அதிர்வுதான் எட்டியது. தூக்கத்தில் அதைத் தொடுகிற ஒவ்வொரு கையும் எங்கிருந்து வந்தது என்றே தெரியாத கை.

இதைச் சொன்னால் பூனை தப்பிக்கும் என்று எதிர் வீட்டுக்கு ஓடினேன். அக்கா கொல்லையில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

“அக்கா” என்றேன்.

என் குரல் எப்போதும் சின்னது. மறுபடியும் கூப்பிட்டேன். பிறகு, வாழ்க்கையில் அதற்கு முன் கத்தாத அளவுக்குக் கத்தினேன். பக்கத்துக் கொல்லையிலிருந்து ஓர் ஆள் எட்டிப் பார்த்தார். அக்கா ஈரச் சேலையை உதறி, விரித்து, சுருக்கத்தை நீவிவிட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய முந்தானை பாப்பாவின் அரைஞாணில் முடிந்திருந்தது. தூங்கும்போது மட்டும் இல்லை, நிற்கும்போதும் முடிந்திருந்தாள்.

நான் கொடியைச் சுற்றிக்கொண்டு போய் அவள் எதிரில் நின்றேன்.

“அக்கா, பூனைக்குக் காது கேக்கலக்கா.”

அவள் என் வாயைப் பார்த்தாள். “தெரியும்.”

“சொல்ல வேண்டியதுதானக்கா?”

“சொல்லலாம். தூங்கையில தொடாதீக, தரையத் தட்டுங்க, முன்னால வந்து நில்லுங்கன்னு நாந்தான் சொல்லித் தரணும். ஒனக்கு எப்படி இம்புட்டுத் தெரியும்னு கேப்பாக.” பிறகு என்னை உற்றுப் பார்த்தாள். “எம்புட்டு நேரமாக் கூப்பிட்ட?”

“இப்பத்தான் வந்தேன்.”

அவள் நம்பவில்லை. ஈரக் கையை என் கன்னத்தில் வைத்துவிட்டு எடுத்தாள்.

“வலது பக்கம் சுத்தமா இல்ல, முருகம்மா. இடது பக்கம் கொஞ்சம் இருக்கு, அதுலயும் எந்நேரமும் தறி ஓடுது. வாயப் பாத்துத்தான் ஓட்டிக்கிட்டிருக்கேன்.” குனிந்து பாப்பாவைத் தூக்கிக்கொண்டாள். “இது மாரீசுக்குத் தெரிஞ்சா, இவள எங்கிட்ட விட்டுட்டு மில்லுக்குப் போவாளா? நீயே சொல்லு.”

போக மாட்டாள். எந்தத் தாயும் போக மாட்டாள்.

“நீ சொல்லிராத” என்றாள்.

நான் சொல்லவில்லை. ராட்டையைச் சுற்றிக்கொண்டே எதிர் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா பூனையின் பக்கம் போகவே இல்லை. பாப்பாவை இறக்கிவிடவும் இல்லை. இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. ஒன்றை ஏற்கெனவே விட்டுவிட்டாள் என்றுதான் நான் நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கர்ணன் சாக்கை எடுத்துக்கொண்டான். பூனை ஆட்டுரல் பக்கத்தில் படுத்திருந்தது. பின்னாலிருந்து போய்ப் போர்த்தி அமுக்கினான். அது சாக்குக்குள் சுழன்று, அவன் பெருவிரலைக் கடித்துக் கிழித்துக்கொண்டு வெளியே வந்து அரிசிப் பானைக்குப் பின்னால் புகுந்தது. அங்கிருந்து கத்திய கத்தலில் நான் ராட்டையை விட்டுவிட்டு அவர்கள் வாசலுக்குப் போய்விட்டேன்.

“டேமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்” என்று கர்ணன் மூலையிலிருந்த கம்பை எடுத்தான். விரலிலிருந்து ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது.

அக்கா அவன் கையையும் கம்பையும் பார்த்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். பாப்பாவை மாரீஸ்வரியின் கையில் கொடுத்தாள். கர்ணனைத் தாண்டிப் போய்த் தரையில் உட்கார்ந்து, உள்ளங்கையால் தரையை அடித்தாள். கொஞ்சம் பொறுத்து மறுபடி அடித்தாள். பானைக்குப் பின்னாலிருந்து வெள்ளைத் தலை எட்டிப் பார்த்தது. அவள் முகத்தைப் பார்த்தது. பிறகு நடந்துவந்து அவள் முழங்காலில் உரசிக்கொண்டு படுத்தது.

“அதுக்குக் காது கேக்காது கர்ணா” என்றாள். “எனக்கும் கேக்காது.”

“என்னக்கா சொல்ற? இப்பப் பேசிக்கிட்டுத்தான இருக்க?”

“ஒன் வாயப் பாத்துப் பேசுறேன்.”

கர்ணன் கம்பைக் கீழே போட்டான். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். “அக்கா, பசிக்குது, சோறு போடு” என்றான். அவனுக்கு அப்போது பசியே இல்லை. இன்னும் கொஞ்சம் குரலைக் கூட்டி, “அக்கா, சோறு போடுக்கா” என்றான். அக்கா தலை குனிந்து பூனையைத் தடவிக்கொண்டிருந்தாள். அவன் வெகுநேரம் சுவர்ப் பக்கமே நின்றான்.

மாரீஸ்வரி பாப்பாவை இறுக்கிப் பிடித்திருந்தாள். அக்காவுக்கு முன்னால் வந்து உட்கார்ந்தாள். அவள் கேட்டது ஒன்றுதான்.

“அப்ப நா மில்லுக்குப் போனப்பல்லாம், இவ அழுதா ஒங்களுக்கு எப்படித் தெரியும் மதினி?”

“சேலைய இழுக்கும்ல” என்றாள் அக்கா.

மாரீஸ்வரி அழுதாள். ஆனால் பாப்பாவைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

மறுநாளே பாப்பாவைத் தன் அம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டாள், பால்வாடியில் சேர்க்கிற வயது வரும்வரை. நான் அவளைக் குறை சொல்ல மாட்டேன். அக்காவும் சொல்லவில்லை. மத்தியானம் பாயில் படுத்து, முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு தூங்குவாள். பூனை அவள் கால்மாட்டில் படுக்கும்.

கர்ணன் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் காது மெஷின் வாங்கிக் கொடுத்தான். தறிக்கூடத்தில் அதைப் போட்டால் தலை வெடிக்கிறது என்று கழற்றி இடுப்பில் சொருகிக்கொள்வாள். வீட்டுக்கு வந்து போட்டுக்கொள்வாள், பாதி நாள் மறந்துவிடுவாள். முதலாளி எல்லோருக்கும் காதில் அடைக்கப் பஞ்சு கொடுத்தார்.

பூனையிடம் எல்லோரும் தறிக்கூடத்து முறைக்கு வந்தார்கள். பக்கத்தில் போகுமுன் தரையில் ஒரு மிதி. தூங்கினால் தொடுவதில்லை. கையை முன்னால் காட்டிவிட்டுத்தான் தடவ வேண்டும். கடிப்பது அநேகமாக நின்றது. அநேகமாகத்தான், அவசரத்தில் மறந்துபோய்க் கர்ணன் பிறகும் கடி வாங்கியிருக்கிறான். திட்டுவான், ஆனால் சாக்கைத் தேடுவதில்லை. அது அடுப்படியில் நின்று கத்துவது மட்டும் மாறவில்லை. தன் சத்தம் தனக்கே கேட்காத பூனை வேறு எப்படிக் கத்தும்?

குழாயடிப் பெண்களிடம் விஷயத்தைச் சொன்னவள் மாரீஸ்வரிதான். “எங்க மதினிக்குக் காது கேக்காது. திமிருன்னு எவளாச்சும் சொன்னீக, நல்லாருக்காது” என்று குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு சொன்னாள்.

இது நடந்து ஆறு வருடம் ஆகிறது. மாரீஸ்வரிக்கு இரண்டாவதாக ஒரு பையன் பிறந்திருக்கிறான். அவனை அக்காவிடம் தனியாக விட்டுவிட்டு அவள் எங்கும் போவதில்லை. பாப்பா மூன்றாம் வகுப்புப் படிக்கிறாள். பள்ளிக்கூடம் விட்டு வந்தால், அக்கா எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தாலும் சுற்றி முன்னால் போய் நின்று, முகத்தைக் காட்டிவிட்டு, “அத்த” என்கிறாள். கண்ணுக்குக் கீழே அந்தக் கீறல் இன்னும் வெள்ளையாகத் தெரிகிறது. அக்காவுக்கு இப்போது இடது காதும் கேட்பதில்லை; பகல் ஷிப்டுக்குப் போய்வருகிறாள். பூனைக்கு வயதாகிவிட்டது, பல் இரண்டு விழுந்துவிட்டது. காலையில் என் வாசற்கல்லில் படுத்திருக்கும். நூல் பெட்டியை வைக்குமுன் நான் காலால் ஒருமுறை தட்டுகிறேன்.