நசுங்காத எலுமிச்சம்பழம்

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி என் மகள் எட்டு மாசக் கர்ப்பம். மாப்பிள்ளைக்கு லூமுட்ல வேலை, வாரக் கடைசியிலதான் வருவாரு. அதனால ஈப்போ ஆஸ்பத்திரிக்குச் செக்கப்புக்குக் கூட்டிட்டுப் போறது என் வேலை.

அப்பத்தான் என் காடி, பழைய காரு, முன்பக்கம் சத்தம் போட ஆரம்பிச்சுச்சு. ரப்பர் மரம் போய் செம்பனை மரம் வந்த எங்க எஸ்டேட் ரோட்டுல ஒவ்வொரு குழிக்கும் இடது டயர்கிட்ட டொக், டொக். மகள் உட்கார்ற பக்கம். ஸ்டேரிங்கும் லூஸ். ரெண்டு விரல் அகலம் திருப்பின பிறகுதான் டயருக்கே சேதி போகும். ரிப்பேர் பார்க்கிற போமென்கிட்ட காட்டியிருக்கணும். காட்டல. முப்பது வருஷம் எஸ்டேட் லாரி ஓட்டினவன், எனக்கு எவன் வந்து சொல்லித் தர்றதுன்னு ஒரு திமிரு. 'அப்சோபர் ரப்பர் தேஞ்சிருக்கும், அது பாட்டுக்கு ஓடும் லா'ன்னு நானே தீர்ப்பு சொல்லிட்டேன். மகள் பயந்துடக் கூடாதேன்னு ரேடியோவ மட்டும் கூட்டி வச்சேன்.

அன்னைக்குக் காலையில வழக்கம்போல என் வீட்டுக்காரி நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வச்சா. ஏத்தி நசுக்கிட்டுத்தான் கிளம்பணும். நகத்தினேன். மூணு நசுங்குச்சு. முன்னால இடதுல வச்சது முழுசா கிடக்குது.

"ஐயோ, சகுனம் சரியில்லங்க. இன்னைக்குப் போக வேணாம்."

எனக்கும் சுருக்குன்னுச்சு. ஆனா சகுனத்துக்குத்தான். ஸ்டேரிங்க நான் நேராத்தான் பிடிச்சிருந்தேன், டயர் பழத்த ஒதுக்கிட்டு வெளிய போயிருக்கு. அது ஏன்னு இந்த மரமண்டைக்குத் தோணல. வேற பழம் வைக்கச் சொல்லி, ஸ்டேரிங்க ஒடிச்சுத் திருப்பி அதையும் நசுக்கினேன். தோஷம் கழிஞ்சுதுன்னு ரெண்டு பேரும் சாமி கும்பிட்டோம்.

ஹைவேயில வேகம் பிடிச்சதும் காடி என் பேச்சக் கேக்கல. நேரா பிடிச்சா இடது ஓரத்துக்கு இழுக்குது, திருத்தினா வலது பக்கம் வர்ற லாரிகிட்ட போகுது. பக்கத்துல மகள் ரெண்டு கையாலயும் வயித்தப் பிடிச்சுக்கிட்டு இருக்கா. முருகா, என்னை எடுத்துக்கோ, இவளையும் வயித்துல இருக்கிறதையும் விட்டுடுன்னு வாய்க்குள்ளயே சொல்லிக்கிட்டு ஓரமா ஊர்ந்தேன். ஈப்போவுல ஆஸ்பத்திரிக்குப் போகல. முதல்ல கண்ணுல பட்ட வொர்க்‌ஷாப்புக்குள்ள விட்டேன்.

போமென் ஜேக் போட்டுத் தூக்கி, டயர மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டினாரு. டொக். இடம் வலமா பிடிச்சு ஆட்டினாரு. விழப்போற பல்லு மாதிரி ஆடுச்சு. அடியில டார்ச் அடிச்சுப் பார்த்துட்டு எந்திரிச்சவரு என்னைப் பார்க்கல, மகள் வயித்தப் பார்த்தாரு.

"அண்ணே, டயரப் பிடிக்கிற பால் ஜாயிண்டும் போச்சு, திருப்புற டை ராடும் போச்சு. இன்னும் ஒரு பெரிய குழியில விழுந்திருந்தா டயர் மடங்கியிருக்கும். இத்தன நாளா சத்தம் கேக்கலயா?"

அங்க கிடந்த டயர் மேல உட்கார்ந்துட்டேன். மகள் தண்ணி போத்தல நீட்டினா.

"உனக்குச் சத்தம் கேக்கலயாம்மா?"

"கேட்டுச்சுப்பா. என் காலுக்கு அடியிலயே இடிச்சுச்சு. ஆனா சத்தம் வந்தப்பல்லாம் நீங்க ரேடியோவக் கூட்டினீங்க. சரி, அப்பாவுக்குத் தெரிஞ்சிருக்கு, ஆபத்துன்னா என்னைக் கூட்டிட்டு வர மாட்டாருன்னு நினைச்சேன்."