மேட்டுக்கு ஒரு கோடு, தடத்துக்கு ஒரு கோடு

மலைமேல இருக்கற எங்க இட்டன் ஊர்ல விடியக்காலைல ரோட்டுல நடந்து போறவனைப் பார்த்தாதான் அதிசயம். நாங்க எல்லாரும் பந்தயத்துக்காக ஓடிப் பழகிக்கிட்டிருப்போம். அதுல ஜெலகாட் தனி ரகம். பயிற்சி முகாம்ல என் அறைத்தோழி. எதைப் பிடிச்சாலும் உடும்புப் பிடி.

எங்க கோச் பார்மசாய் சாப்பாட்டுக்கூடச் சுவத்துல பெரிய தாள் ஒட்டி, ஒவ்வொருத்தியும் கிலோமீட்டருக்கு எடுத்துக்கிட்ட நேரத்தைப் புள்ளி வச்சுக் கோடு இழுப்பார். நல்ல மனுஷன். ஆனா அந்தத் தாள் இருக்கே, கடவுளே! மேட்டுப் பாதை, மண் தடம், நெடுந்தூர ஓட்டம் எல்லாம் ஒரே கோட்டுல. எல்லாருக்கும் அதே நீலப் பேனா. வேகம் கூடினா நேரம் குறைஞ்சு கோடு கீழே இறங்கும். நாங்களோ தோத்துட்டோம்னு நினைச்சு, உகாலிக் களி தொண்டைல இறங்காம உட்கார்ந்திருப்போம்.

வெளிநாட்டுப் பந்தயத்துக்கு ஒரே ஒரு பொண்ணை அனுப்பணும். ஜெலகாட்டுக்கு அதுதான் உயிர். கோச் அவ கோட்டைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"ஏறுது, இறங்குது. உன்னை நம்பி எப்படிம்மா அனுப்பறது?"

அவளுக்கு வந்ததே கோபம்! "சேத்து மேட்டையும் காஞ்ச தடத்தையும் ஒண்ணாக் கோத்தா ஆடத்தான் செய்யும், கோச். எல்லாருக்கும் புரியற மாதிரி நான் வரைஞ்சு காட்டறேன். அப்புறம் முடிவு பண்ணுங்க."

"சரி, சனிக்கிழமை காட்டு."

மத்தியானம் நாங்க எல்லாம் காலை நீட்டித் தூங்கினா, அவ தரையில தாளைப் பரப்பிக்கிட்டு உட்கார்ந்திருப்பா. மேட்டுக்கு ஒரு தாள், தடத்துக்கு ஒண்ணு, நெடுந்தூரத்துக்கு ஒண்ணு. ஆளுக்கு ஒரு நிறம். வேகம் கூடினா கோடு மேல ஏறற மாதிரி திருப்பிட்டா. மழை நாள் புள்ளியைச் சுத்தி ஒரு வட்டம்.

"ஓட வந்தியா, ஓவியம் வரைய வந்தியாடி?"ன்னு சீண்டினேன்.

"வாயை மூடிட்டு அந்தப் பச்சைப் பென்சிலை எடுத்துக் கொடு."

சனிக்கிழமை காலைல போய்ப் பார்த்தா, மூணு தாளும் சுவத்துல இருக்கு. சின்னப்புள்ளைக்குக்கூடப் புரியும். சிவப்பு ஜெலகாட். கொஞ்சமும் ஆடாம அழகா ஏறுது. ஆனா மூணு தாள்லயும் அதுக்கு மேல ஒரு பச்சைக் கோடு ஏறிக்கிட்டிருந்துச்சு. பச்சை நான்.

நான் ஜெலகாட் பக்கம் திரும்பினேன். "அடிப்பாவி, இது உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"வரையும்போதே தெரிஞ்சுபோச்சு."

"அப்புறம் ஏன்டி ஒட்டினே? கிழிச்சுப் போட வேண்டியதுதானே!"

"உன்னை மறைச்சுட்டுப் போனா என் காலு ஓடுமா?"

கோச் டீ கிளாசோட வந்தார். ஒவ்வொரு தாளா நின்னு பார்த்தார். டீ ஆறிப்போச்சு.

"செப்டூ," என்னைத்தான் கூப்பிட்டார், "பாஸ்போர்ட் வச்சிருக்கியா?"

நான் விசும்பி விசும்பி அழுதேன். சந்தோஷமும் வந்துச்சு, அவளை நினைச்சா துக்கமும் வந்துச்சு. ஜெலகாட் குனிஞ்சு ஷூ லேஸைக் கட்டிக்கிட்டிருந்தா. நிமிர்ந்தப்போ கண்ணு செவந்திருந்துச்சு.

"அழுது முடிச்சியா? உனக்கும் எனக்கும் நடுவுல விரக்கடை அளவுதான் இடைவெளி. நீ விமானம் ஏறுறதுக்குள்ள அதை அடைச்சுக் காட்டறேன். எந்திரிடி, மேட்டுக்குப் போலாம்."

அன்னிக்கு மேட்டுல பாதித் தூரம் அவதான் எனக்கு முன்னால ஓடினா.