நெருப்பில் போகாதது

மாமாவின் இடது கை ஆள்காட்டி விரல் நுனியில் சதை கிடையாது. கொய்யாப் பழத்தைக் கரண்டியால் தோண்டி எடுத்த மாதிரி ஒரு குழி இருக்கும். என் அக்காவைக் கட்டிய புதிதில் அந்த விரல் முழுசாகத்தான் இருந்தது. உத்திரமேரூருக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் ஊரிலிருந்து ஐ.டி.ஐ. முடித்துவிட்டுக் கடலோர அணு ஆலைக்கு வேலைக்குப் போனவர் அவர் ஒருவர்தான். நிலம் வைத்திருந்த குடும்பம். ஆனாலும் மாதச் சம்பளக்காரர் என்பதில் அவருடைய அண்ணனுக்கே பெருமை.

மின்சாரம் எடுத்து முடிந்த எரிபொருளை அமிலத்தில் கரைத்து, அதிலிருந்து புளுட்டோனியத்தைப் பிரித்தெடுப்பது மாமாவின் பிரிவில் நடந்த வேலை. அது இன்னொரு வகை உலைக்கு எரிபொருளாகப் போகும். காற்றுப் புகாத கண்ணாடிப் பெட்டிக்குள் பொருள் இருக்கும். பெட்டியோடு சேர்த்துப் பொருத்திய ரப்பர் கையுறைகளுக்குள் கையை நுழைத்து, வெளியே நின்றபடி வேலை செய்ய வேண்டும். ஒரு நாள் உள்ளே உடைந்து கிடந்த கண்ணாடிச் சில்லு கையுறையைக் கிழித்து விரலில் ஏறிவிட்டது. முள் குத்திய அளவுகூட வலிக்கவில்லை என்பார். ஆனால் விரலருகே கதிர்வீச்சை அளக்கும் கருவியைப் பிடித்ததும் அது கத்தத் தொடங்கியது. ஆலை மருத்துவர் விரலை மரத்துப்போகச் செய்து சதையைத் தோண்டினார். மறுபடி கருவியைப் பிடித்தார்கள், மறுபடி தோண்டினார்கள். கடைசியில் நிறுத்தியது கருவி அடங்கியதால் அல்ல, எலும்பு தெரிந்ததால். உள்ளே போனதை வெளியே இழுக்க நரம்பு வழியாக மருந்தும் ஏற்றினார்கள். கொஞ்சம் வந்தது. எல்லாம் வரவில்லை.

மெஷினில் மாட்டிக்கொண்டது என்றுதான் வீட்டில் சொன்னார். அப்போது அக்கா மகளுக்குத் தலை நிற்காத வயது. அக்கா குழந்தையை நீட்டினால் சுவரோடு ஒட்டிக்கொள்வார். “இன்னாங்க, பெத்த புள்ளயத் தூக்க மாட்டன்றீங்க?” என்று அக்கா அழுத நாளில்தான் உண்மையைச் சொன்னார். தொட்டால் யாருக்கும் ஒட்டாது என்று மருத்துவர் அவரிடம் தெளிவாகவே சொல்லியிருந்தார். அது சரிதான். நான் வேதியியல் படித்தவள். வெளியே இருந்தால் அதன் கதிரை ஒரு தாளே தடுத்துவிடும், உடம்புக்குள் போனால்தான் எலும்பிலும் ஈரலிலும் உட்கார்ந்துகொள்ளும் என்று நானும் எடுத்துச் சொன்னேன். “புரியுது பாப்பா. கை வர மாட்டன்து,” என்றார். மகள் நடக்கத் தொடங்கித் தானாகவே வந்து காலைக் கட்டிக்கொண்ட பிறகுதான் அவர் அவளைத் தூக்கினார்.

அதன் பிறகு அவரைக் கண்ணாடிப் பெட்டிகள் பக்கம் விடவில்லை. ஸ்டோரில் உட்கார வைத்தார்கள். அவ்வப்போது ஒரு முழு நாள் சிறுநீரைக் கேனில் பிடித்துச் சோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். பைக்குள் வைத்து எடுத்துப் போவார். மோர் விற்கப் போகிறாரா என்று பஸ்ஸில் கேலி செய்வார்களாம். அவரும் சிரித்துவைப்பார். சோதனை முடிவு எப்போதும் ஒன்றுதான்: வரம்புக்குள் இருக்கிறது, பயப்பட வேண்டாம்.

மகள் கல்லூரிக்குப் போன பிறகு ஈரலில் கட்டி வந்தது. பீடி, சாராயம் எதையும் தொடாத மனிதர். சென்னையில் பார்த்த மருத்துவர் ஒளிக்காமல் பேசினார். அந்தக் காயத்தால் வந்தது என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. எதுவும் இல்லாதவர்களுக்கும் இது வருகிறது என்றார். மாமாவை உலுக்கியது அந்தப் பதில்தான். காரணம் தெரிந்தால் கோபப்படலாம். அதற்கும் வழியில்லாமல் போயிற்று. ஊருக்குத் திரும்பிய பிறகு அக்காவிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: “என்ன எரிக்காதீங்க. எலும்புல கீறது நெருப்புல போவாது. சாம்பல ஆத்துல கரைச்சா, அந்தத் தண்ணியத்தான் கீழ கீற ஊர்லாம் குடிக்குது.”

சாவு வீட்டில் அதுவே சண்டையாயிற்று. “நம்ம வூட்ல பொதைக்கிற வழக்கமே கெடையாது. ஊரு இன்னா பேசும்?” என்று மாமாவின் அண்ணன் குதித்தார். மாலையோடு வந்திருந்த ஆலை அதிகாரியை அவர் சாட்சிக்கு இழுத்தார். அந்த அதிகாரி நல்ல மனிதர், கண் கலங்கித்தான் இருந்தார். “உடம்பில் இருப்பது மிகமிகக் குறைந்த அளவு. எரித்தாலும் கரைத்தாலும் யாருக்கும் ஒன்றும் ஆகாது அம்மா,” என்றார். அவர் சொன்னதில் தவறில்லை என்று எனக்குத் தெரியும். தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அக்கா நிமிர்ந்து பார்த்தாள். “ஒன்னும் ஆவாதுன்னுதான் சார் அன்னிக்கும் சொன்னீங்க,” என்றாள். மாமாவின் அண்ணனே மண்வெட்டிக்கு ஆள் அனுப்பினார். மாமா குடும்பத்துக் கழனியின் மேட்டு மூலையில் குழி வெட்டினார்கள்.

போன கோடையில் மாமாவின் அண்ணன் மகன் அதே மூலையில் போர் போட லாரி கொண்டுவந்தான். நீரோட்டம் அங்கேதான் இருக்கிறதாம். அக்கா போய் மண்மேல் உட்கார்ந்துவிட்டாள். “எழுந்திரு சித்தி, அவ்ளோ வருஷம் ஆய்டுச்சி, இனிமே இன்னா கீது அதுல?” என்றான். அவள் அசையவில்லை. முணுமுணுத்துக்கொண்டே லாரியைக் கழனியின் மறுகோடிக்கு ஓட்டச் சொன்னான்.

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். புளுட்டோனியம் பாதியாகக் குறைய இருபத்து நாலாயிரம் வருடம் என்று வகுப்பில் கரும்பலகையில் எழுதிப்போடுகிறவள் நான். ஒரு கல் நட்டு விவரத்தை எழுதி வைக்கலாம் என்றேன்.

“கோயில் செவுத்துல ஆயிரம் வருஷத்து எழுத்து கீது. நீ டீச்சரு, உன்னால அதப் படிக்க முடியுமாடி?” என்றாள் அக்கா. “நான் கீற வரைக்கும் குந்திக்கினு தடுப்பேன். அதுக்கப்புறம் யாரு?”

மறுகோடியில் எந்திரம் மண்ணைத் துளைக்கத் தொடங்கியிருந்தது.