பனியன் கம்பெனிக்காரர் யானை பார்க்கப் போனார்

எழுபதுகளின் கடைசி. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து மணிக்கு நானும் என் வீட்டுக்காரரும் எங்கள் ஊர் மண்ணரையிலிருந்து கிளம்பினோம். கல்யாணமாகி ஆறு வருஷத்தில், கோயில்களைத் தவிர நாங்கள் போன முதல் பயணம் அதுதான். காட்டு யானையை ஒருமுறையாவது நேரில் பார்த்துவிட வேண்டும் என்று அவருக்கு அப்படியொரு பித்து. கோயில் யானையைக் காட்டினால், "இது காசு வாங்கற யானை அம்மிணி. நான் கேக்கறது காட்டு யானை" என்பார்.

பல்லடத்தில் பஸ் மாறிப் பொள்ளாச்சி போய்ச் சேரும்போது மணி ஏழரை. ஆளுக்கு நாலு இட்லி சாப்பிட்டோம். அங்கிருந்து யானைக் காடான டாப்ஸ்லிப் முப்பத்தைந்து கிலோமீட்டருக்கு மேல். சேத்துமடை தாண்டி மலை ஏறியதும், கண்ணில் பட்ட பாறையையெல்லாம் இவர் யானை என்றார். பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

இவருக்கு மெதுவாகப் பேச வராது. பதினைந்து வருஷம் பனியன் கம்பெனியில், துணி பின்னும் நிட்டிங் மிஷின்களுக்கு நடுவே நின்றவர். அந்த இரைச்சலில் பக்கத்து ஆளிடம் நூல் கேட்கவே கத்த வேண்டும். அந்தப் பழக்கத்தில், வீட்டில் உப்பு கேட்டாலும் தெருவுக்கே கேட்கும். எங்கள் வீட்டில் ரகசியம் என்று ஒன்று இருந்ததே இல்லை, போங்கள்!

பதினொரு மணிக்கு, இவருடைய கம்பெனிக் கதையையெல்லாம் கேட்டுவிட்டு, வனத்துறை வாட்சர் ஒருவர் எங்களைக் காட்டுக்குள் கூட்டிப்போனார். "வாயே தொறக்கக் கூடாதுங்க. சத்தம் கேட்டா போயிருமுங்க" என்றார். இவர் பலமாகத் தலையாட்டினார். ஒரு மணி நேர நடைக்குப் பிறகு ஓடைக்கு அக்கரையில் மூங்கில் அசைந்தது. நான்கு கறுத்த முதுகுகள் தெரிந்தன.

"அம்மிணி! யானை!"

மிஷின் ஓடும்போது ஆளைக் கூப்பிடுகிற அதே குரல். மூங்கில் சடசடவென்று முறிந்தது. அடுத்த நிமிஷம் அங்கே ஒன்றுமில்லை.

"ஏனுங்க, இதென்ன உங்க கம்பெனிங்களா?" என்று வாட்சர் தலையில் அடித்துக்கொண்டார்.

"நான் மெதுவாத்தான அம்மிணி சொன்னேன்" என்றார் இவர், அதையும் கத்தித்தான். முகம் தொங்கிப்போயிற்று. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. ஐந்து மணிக்குத் திரும்பும் பஸ். இன்னொரு தடவை இங்கே வர எங்களுக்கு எப்போது வாய்க்கும்?

"அண்ணா, இன்னொருக்கா பாக்கலாமுங்களா?" என்று நான்தான் கெஞ்சினேன்.

வாட்சர் மனம் இரங்கி, ஓடையின் மேற்புறம் ஒரு பாறைக்குப் பின்னால் எங்களை உட்கார வைத்தார். இவர் தோள் துண்டைச் சுருட்டி வாயில் அடைத்துக்கொண்டார். மூன்று மணிக்கு, குட்டியோடு ஒரு யானை தண்ணீருக்கு இறங்கியது. இவர் துண்டை வெளியே எடுத்தார். ஐயையோ, கெட்டது காரியம் என்று அவர் வாயைப் பொத்தக் கை நீட்டினேன்.

அவர் என் காதோரம் குனிந்தார். "பாத்தியா அம்மிணி?"

மூச்சுக் காற்றுதான் வந்தது. இத்தனை மெதுவான குரல் அவரிடம் இருந்தது எனக்கு அன்றுவரை தெரியாது.

பஸ் ஏறியதும் பழையபடி கத்தத் தொடங்கிவிட்டார். இப்போது அவர் இல்லை. குட்டி எத்தனை உயரம் இருந்தது, என்ன செய்தது என்று என் மகள் இன்னமும் கேட்பாள். என்னத்தைச் சொல்ல? அவர் அப்படிச் சொன்ன பிறகு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்; யானைப் பக்கம் திரும்பவே இல்லை.